கிரேக்க இலக்கணக்காரங்க பாத்தது வெட்டி வேலையா?

6 ஜனவரி 2024, இரவு 9.10 (கேள்வி)

ஹோமர் பாட்டு கட்டினாரு, அலெக்சாண்டர் நாடு புடிச்சாரு, ஆர்க்கிமிடீஸ் தொட்டில இருந்து எந்திரிச்சு ஓடினாரு. இந்த அலெக்சாண்ட்ரியா இலக்கணக்காரங்க என்னதான் பண்ணாங்க? ராஜா வீட்டு சோத்தைத் தின்னுட்டு அடுத்தவன் பாட்டுல குத்தம் கண்டுபிடிச்சதைத் தவிர? ஒரு வரிக்கு நாலு பேர் சண்டை, அந்தச் சண்டைக்கு ஒரு உரை, அந்த உரைக்கு இன்னொரு சண்டை. வெட்டி வேலைன்னு நான் சொல்றேன். இல்லைன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

6 ஜனவரி 2024, இரவு 11.35

சோறு விஷயம் நிஜம். எகிப்தை ஆண்ட கிரேக்க தாலமி ராஜாக்கள் அலெக்சாண்ட்ரியால கட்டின மியூசியத்துல (காட்சிசாலை இல்ல, அறிஞருங்க இருந்து ஆராய்ச்சி பண்ற எடம்) சம்பளம் உண்டு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட ஒரு கூடமும் இருந்துச்சு. உங்க திட்டும் புதுசு இல்ல, அந்தக் காலத்துலயே டிமோன்னு ஒரு நையாண்டிக்காரர், எகிப்துல புத்தகப் புழுக்களைக் கொழுக்க வளக்கறாங்க, மியூஸ்களோட (கலைக்கான தேவிங்க, மியூசியம்ங்கற பேரே அவங்க பேர்தான்) பறவைக்கூண்டுல அதுங்க ஓயாம கொத்திக்கிட்டுக் கெடக்குன்னு எழுதிட்டாரு.

நான் இருபது வருஷத்துக்கு மேல ப்ரூஃப் பாக்குறவன், அதனால அந்தக் கூண்டுக்குள்ள இருந்து பேசறேன்னு வச்சுக்கங்க. ஹோமர்னு ஒரே ஒரு புஸ்தகம் இருந்ததா நெனச்சுட்டுத்தான் எல்லாரும் பேசறோம். அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. மசாலியால (இன்னிக்கு மார்சேய்) ஒரு பிரதி, கியோஸ் தீவுல ஒண்ணு, ஆர்கோஸ்ல ஒண்ணு, சினோப்ல, சைப்ரஸ்ல, கிரீட்ல ஒவ்வொண்ணு. ஒண்ணுல இருக்கற வரி இன்னொண்ணுல இருக்காது. இத்தனை சுருளும் (அப்ப புஸ்தகம்னா பாபிரஸ்ங்கற நாணல் காகிதச் சுருள்தான்) ஒரே எடத்துக்கு வந்து சேந்தது அலெக்சாண்ட்ரியாலதான், சேந்தப்புறம்தான் "ஐயோ, எது சரி"ங்கற கேள்வியே வந்துச்சு. ஹோமரோட இலியட் மட்டும் 15,700 வரி சுமாருக்கு வரும், ஒத்துப் பாருங்க, கண்ணு அவிஞ்சுடும்.

கி.மு. 284 வாக்குல லைப்ரரிக்கு மொதல் தலைவரா இருந்த ஸெனோடோட்டஸ் பண்ண வேலை என்னன்னா, சந்தேகமான வரிக்கு இடது பக்கம் மார்ஜின்ல சின்னதா ஒரு படுக்கைக் கோடு போட்டாரு. ஓபெலோஸ்னு பேரு, கறி சுடற கம்பின்னு அர்த்தம். வரியை அழிக்கல. "இது ஹோமர் எழுதினதுதானான்னு எனக்கு சந்தேகம், ஆனா நீயும் பாத்துக்க"ன்னு படிக்கிறவன்கிட்ட விட்டுட்டாரு. கோடு போடறதுக்கும் அழிக்கறதுக்கும் இருக்கற தூரம் எவ்வளவுன்னு என்னை மாதிரி செவப்பு பேனா புடிச்சவனுக்குத்தான் தெரியும். அது வெட்டி வேலைன்னா நான் கெளம்பறேன்.

7 ஜனவரி 2024, காலை 6.50

நேத்து ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஸெனோடோட்டஸை ரொம்ப நல்லவனாக்கிட்டேன். கோட்டைக் கண்டுபிடிச்சது அவருதான், ஆனா சில வரிகளை அவரு எழுதாமயே விட்டிருக்காரு, சிலதை மாத்தியும் எழுதியிருக்காரு. கோடு போட்டு அப்படியே விட்டு வைக்கறதை ஒரு ஒழுக்கமாவே வச்சுக்கிட்டவரு அவருக்கு ரெண்டு மூணு தலைமுறை தள்ளி வந்த அரிஸ்டார்கஸ். திருத்திக்கங்க.

7 ஜனவரி 2024, மதியம் 2.15

"ஒரு உதாரணம் குடுங்க, சும்மா கோடு கோடுன்னா"ன்னு கேட்டிருக்கீங்க. நியாயம்.

இலியட் மூணாவது காண்டம். அஃப்ரோடைட்டி தேவி ஹெலனைக் கூட்டிக்கிட்டு பாரிஸோட அறைக்குப் போறா. போயி, ஒரு நாற்காலியை எடுத்துட்டு வந்து பாரிஸுக்கு எதிர போட்டு ஹெலனை உக்கார வைக்கிறா. ஸெனோடோட்டஸ் இந்த எடத்துல முகம் சுளிச்சுட்டாரு. தேவி போயி நாற்காலி தூக்குவாளா? மரியாதையா இல்லியேன்னு அந்த எடத்தையே மாத்தி வச்சுட்டாரு. அதுக்கு அரிஸ்டார்கஸ் பக்கத்துலருந்து வர்ற பதிலைப் பாருங்க: யோவ், நீ மேல படிக்கலியா, அவ கம்பளி நூக்கற கிழவி வேஷத்துல இல்ல வந்திருக்கா, அந்த வேஷத்துக்கு நாற்காலி தூக்கறது பொருத்தம்தான்யா! (யோவ் என்னோடது.)

எனக்கு இதுல புடிச்சது ரெண்டு பேரும் நாற்காலியைப் பத்திப் பேசறதுதான். ஒருத்தர் தன் மனசுல இருக்கற தேவியை வச்சு வரியைத் திருத்தறாரு, இன்னொருத்தர் பாட்டுலயே முப்பது நாப்பது வரி மேல போயி தேவி என்ன வேஷத்துல நிக்கிறான்னு பாக்குறாரு. ஹோமரை ஹோமரை வச்சே வெளங்கிக்கணும்னு பின்னாடி இதுக்கு ஒரு வாசகமே வந்துருச்சு.

வார்த்தைக்கும் இதேதான். ஃபோபோஸ்னா கிரேக்கத்துல பயம், நாம இப்ப ஃபோபியா ஃபோபியாங்கறோமே அது. ஆனா ஹோமர்ல அந்த வார்த்தை வர்ற எடத்தையெல்லாம் பாத்துட்டு அரிஸ்டார்கஸ், இவரு இதைப் பயம்ங்கற அர்த்தத்துல சொல்லல, சண்டைல பின்வாங்கி ஓடறதைச் சொல்றாருன்னு புடிச்சாரு. அதே மாதிரி அடிபடறதுக்கு ஹோமர் ரெண்டு வினை வச்சிருக்காரு, ஒண்ணு தூரத்துலருந்து எறிஞ்சு பட்டது, இன்னொண்ணு கைக்கெட்டற தூரத்துல குத்தினது, ரெண்டையும் மாத்திப் போடக்கூடாதுன்னாரு. சர்ச் பாக்ஸ் கெடையாது, பக்க எண் கெடையாது. சுருளைப் பிரிச்சு, சுத்தி, பிரிச்சு, சுத்தி, மனப்பாடத்துல வச்சுக்கிட்டுப் பண்ணது.

7 ஜனவரி 2024, மதியம் 2.40

ஒண்ணு விட்டுட்டேன். குறியீடு ஒரு சுருள்ல, அதுக்கான விளக்கம் வேற சுருள்ல. அதாவது பாட்டுச் சுருள்ல மார்ஜின்ல கோடு இருக்கும், ஏன் கோடுன்னு தெரியணும்னா உரைச் சுருளை எடுத்து அந்த வரியைத் தேடணும். ரெண்டு கையும் ஒரு சுருளுக்கே போதாது. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் படிச்சவன் எப்படிப் படிச்சான்னு யோசிச்சா எனக்கு தோள்பட்டை வலிக்குது.

8 ஜனவரி 2024, இரவு 10.05

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எழுதிடறேன்.

நான் வேலைக்கு வந்த மூணாவது வருஷம். ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு மறுபதிப்பு, எழுத்தாளர் தெக்கத்திக்காரர், காலமாயி ரொம்ப நாளாச்சு. எந்தப் பதிப்பகம், எந்தப் புஸ்தகம்னு கேக்காதீங்க. ஒரு ஃபார்ம்ல (ஒண்ணா அச்சாகற பக்கக் கட்டு) ஒரு வரி, "பிள்ளையை ஒக்கலில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்". நான் இந்தப் பக்கத்து ஆளு, ஒக்கல்ங்கற வார்த்தையை அதுக்கு முன்ன கேட்டதே இல்ல. டிடிபி தப்புன்னு முடிவு பண்ணி, செவப்பு பேனால ஒரு அடி அடிச்சு "பக்கத்தில்"னு மாத்திட்டேன். ஒரு செகண்ட் கூட ஆகல. இன்னும் அந்த அடி கையில இருக்கு.

புஸ்தகம் வந்து ஒரு வருஷம் கழிச்சு ஒரு வாசகர் போன்ல. அவங்க ஊர்ல ஒக்கல்னா இடுப்பு. கொழந்தைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா. அதை நான் கொழந்தைய கீழ எறக்கிப் பக்கத்துல நிக்க வச்சுட்டேன். கதைல அந்தக் கொழந்தைக்கு நடக்கவே வராது! எட்டு மாசம்!

தப்பு பண்றது வேற. இதுல என்னைக் குடையறது, திருத்தின ப்ரூஃப் கட்டை அடுத்த மாசமே பழைய பேப்பர்ல போட்டாச்சு. நான் மாத்தினேன்ங்கறதுக்கு ஒரு கோடு, ஒரு புள்ளி, எதுவும் எங்கயும் இல்ல. அடுத்த பதிப்பும் என் பதிப்புலருந்துதான் போச்சு. ஓபெலோஸ் பத்தி மொத தடவை படிச்சப்ப எனக்கு மொதல்ல வந்தது அறிவு சந்தோஷம் இல்ல, வயித்தெரிச்சல்தான்.

9 ஜனவரி 2024, காலை 7.20

நேத்து ரொம்ப அழுதுட்டேன் போல, ஆறுதல் சொன்னவங்களுக்கு சரி சரி. கொஞ்சம் சிரிப்போம்.

இந்த ஆளுங்களுக்கு வச்ச பட்டப்பேரு மட்டும் தனியா ஒரு புஸ்தகம் போடலாம். டிடிமஸ்னு ஒருத்தர், கருவாட்டு வியாபாரி மகன் (உப்பு மீன்தான், நாம கருவாடுன்னே வச்சுக்குவோம்), ரோம சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலம், 3500 புஸ்தகம்னு ஒரு கணக்கு, ரோமத் தத்துவக்காரர் செனெகா 4000ங்கறாரு. இவருக்கு பட்டம் கல்கென்டெரோஸ், வெண்கலக் குடல்காரன். எதைத் தின்னாலும் செரிக்கும். ரெண்டாவது பட்டம் இன்னும் ஜோர், புஸ்தக மறதிக்காரன். ஏன்னா அவரு ஒரு புஸ்தகத்துல எழுதினதை இன்னொரு புஸ்தகத்துல அவரே மறுத்துடுவாராம், எழுதினது மறந்துபோயி. செனெகா வேற விடல, இவ்வளவு உபயோகமில்லாததை ஒருத்தன் படிச்சிருந்தாலே பரிதாபப்படுவேன், இவன் எழுதியே இருக்கான்னு. ஹோமர் எந்த ஊரு, ஈனியாஸோட நிஜமான அம்மா யாரு, கவிஞன் அனக்ரியான் பெரிய குடிகாரனா பெரிய பொம்பளைப் பொறுக்கியா, இதெல்லாம் அதுல ஆராய்ச்சி. கேள்வி கேட்டவரே, நீங்களும் செனெகாவும் ஒரே கட்சி.

நிகானோர், சக்கரவர்த்தி ஹேட்ரியன் காலம், நிறுத்தற்குறி பத்தியே வாழ்க்கை பூரா எழுதினவரு. எட்டு வகைப் புள்ளி வச்சிருந்தாரு. அவருக்கு பட்டம் ஸ்டிக்மாட்டியாஸ். புள்ளிக்காரன்னும் அர்த்தம், சூடு போட்ட அடிமைன்னும் அர்த்தம். எங்க ஆபீஸ்ல என்னை கமா மாமான்னு கூப்புடுவாங்க, நான் கோவப்பட்டதுண்டு, இனிமே படமாட்டேன்.

ஃபிலிட்டாஸ், கோஸ் தீவு. பழைய அபூர்வ வார்த்தைகளுக்கு அகராதி போட்டவரு, ரொம்ப ஒல்லி, காத்து அடிச்சா பறந்துருவாருன்னு செருப்புல ஈயம் வச்சு நடந்தாருன்னு கதை கட்டிட்டாங்க. ஸ்ட்ராட்டோன்னு ஒருத்தரோட நகைச்சுவை நாடகத்துல ஒரு சமையக்காரன் வர்றான். வாயைத் தொறந்தா ஹோமர் காலத்து வார்த்தையாத்தான் வருது, எத்தனை ஆளுக்கு சமைக்கணும், ஆடா மாடான்னு கேக்கறதைக்கூட. வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் வெளங்கல, நான் சமையக்காரனைக் கூட்டிட்டு வந்தேனா ஸ்பிங்க்ஸைக் (கதைல புதிர் போடற பூதம்) கூட்டிட்டு வந்தேனான்னு பொலம்பறான், ஃபிலிட்டாஸோட புஸ்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா பாக்க வேண்டி வருது. அகராதியைப் பத்தி நாடகத்துல ஜோக் போட்டா கூட்டம் சிரிக்குதுன்னா அந்த அகராதி எவ்வளவு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்!

அப்புறம் அரிஸ்டார்கஸ் சிஷ்யப் புள்ளைங்களைப் பத்தி எதிர்க்கட்சி ஹெரோடிகஸ் எழுதின வசைப்பாட்டு. மூலைல உக்காந்து முணுமுணுக்கற ஒத்தை அசைக்காரங்களா, ஸ்ஃபின்னா ஸ்ஃபோயினா, மின்னா நின்னான்னு பாத்துக்கிட்டு கெடக்கறவங்களா, ஓடுங்கடா கிரீஸை விட்டுன்னு. மின், நின் ரெண்டும் பிரதிப்பெயர், ரெண்டுக்கும் அவனை அவளைன்னுதான் அர்த்தம். இதுக்குத்தான் இத்தனை அடிதடி.

9 ஜனவரி 2024, இரவு 9.45

எதிர்க்கட்சின்னு சொன்னது புரியலன்னு கேட்டிருக்காங்க. பெர்கமம்னு ஒரு ஊரு, இன்னிக்கு துருக்கில, அங்கயும் ஒரு லைப்ரரி, அலெக்சாண்ட்ரியாக்குப் போட்டி. அங்க பெரிய தலை மல்லோஸ் ஊர்க்காரர் கிராட்டஸ். இவரு கி.மு. 168 வாக்குல ரோமுக்கு தூது போனாரு, போன எடத்துல பலட்டைன் குன்றுப் பக்கம் சாக்கடைத் தொறப்புல காலை விட்டு ஒடிச்சுக்கிட்டாரு. காலு சேர்ற வரைக்கும் எங்க போறது? படுத்த படுக்கையா, வந்தவன் போனவனுக்கெல்லாம் லெக்சர். ரோம்ல இலக்கணப் படிப்பு ஆரம்பிச்சதே அப்படித்தான்னு ரோம வரலாற்றுக்காரர் சூட்டோனியஸ் எழுதி வச்சிருக்காரு. மூடி இல்லாத சாக்கடையால ஒரு நல்லது நடந்ததுக்கு எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் உதாரணம்.

11 ஜனவரி 2024, இரவு 11.50

கேள்வி கேட்டவரு விடல. "அப்ப ராஜா காலடில சுகமா இருந்தாங்க, ஒத்துக்கறீங்க இல்ல"ன்றாரு. சுகமா இருந்தாங்க, ஒரு நாள் வரைக்கும்.

எட்டாம் தாலமி. ஊர்க்காரங்க வச்ச பேரு ஃபிஸ்கோன், தொப்பையன். சின்ன வயசுல அரிஸ்டார்கஸ்கிட்டயே படிச்சவன்னு சொல்வாங்க. ஹோமரோட இன்னொரு பாட்டு ஒடிசில கலிப்சோங்கற தேவியோட தீவு வர்ணனை வருது இல்ல, செலரியும் வயலட் பூவும் பூத்த புல்வெளின்னு, அதுல இந்த ராஜா ஒரு பாடபேதம், அதாவது வேற மாதிரி படிக்கணும்னு ஒரு யோசனை, சொல்லியிருக்கான்! செலரி வளர்ற ஈரத்துல வயலட் வளராது, ஒரு எழுத்து முன்னாடி சேத்து சியான்னு படி, அது ஒரு சதுப்பு நிலக் கீரைன்னு. ஒரு எழுத்துல பூவைக் கீரையாக்கிட்டான். கெட்டிக்காரத்தனமான திருத்தம், நான் மறுக்கல.

கி.மு. 145ல இவன் அலெக்சாண்ட்ரியாவுக்கு ராஜாவா திரும்பி வந்தான். வந்ததும் கொலை, தொரத்தல். இலக்கணக்காரங்க, தத்துவக்காரங்க, கணக்கு வாத்தியாருங்க, டாக்டருங்க, ஓவியருங்க, சங்கீதக்காரங்க, அத்தனை பேரும் ஊரை விட்டு ஓடினாங்க. தீவெல்லாம் நகரமெல்லாம் வாத்தியாருங்களா ரொம்பிப்போச்சு, வயித்துப்பாட்டுக்கு தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்தாங்க. அரிஸ்டார்கஸ் சைப்ரஸுக்குப் போனாரு. நீர்க்கோவை வியாதி, சாப்பாட்டை நிறுத்தி உயிரை விட்டாரு, வயசு 72. ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் புத்தி அவ்வளவா இல்ல, அதுல ஒருத்தனை அடிமையா வித்துட்டாங்க, ஏதென்ஸ்காரங்க பாத்து காசு குடுத்து மீட்டாங்கன்னு சூடாங்கற பழைய களஞ்சியத்துல இருக்கு. 800க்கு மேல உரைச்சுருள் எழுதின மனுஷனோட புள்ளை.

லைப்ரரிக்கு அப்புறம் யாரு தலைவர் தெரியுமா? எகிப்துல குப்பை மேட்டுல தோண்டினப்ப ஒரு பாபிரஸ் கெடச்சுது, ஆக்சிரிங்கஸ் 1241ன்னு நம்பர், அதுல தலைவருங்க பட்டியல் இருக்கு. அப்போலோனியஸ், எரடோஸ்தெனீஸ், பைசாண்டியம் அரிஸ்டோஃபனீஸ், அரிஸ்டார்கஸ், இப்படியே வந்து திடீர்னு "கிடாஸ், ஈட்டிப்படைல இருந்து"ன்னு ஒரு பேரு. ஈட்டிக்காரன். நான் அந்த வரியை எத்தனை தடவை படிச்சாலும் சிரிப்பு பாதி, வேற ஏதோ பாதி.

பின்னாடி வந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒண்ணு சொல்றாரு: புலமை புடிச்ச தாலமி ஒருத்தன்கூட சபைக்காரங்க ஒரு வார்த்தைக்காக, ஒரு வரிக்காக நடுராத்திரி வரைக்கும் மல்லுக்கு நிப்பாங்களாம். அவன் ஆளுங்களை வதைச்சப்ப ஒருத்தரும் குறுக்க நிக்கலியாம். தொப்பையனைத்தான் சொல்றாருன்னு ஆராய்ச்சிக்காரங்க எடுத்துக்கறாங்க. கேள்வி கேட்டவரே, உங்க பக்கத்துக்கு இதை விட நல்ல பாயிண்ட் கெடையாது, நானே எடுத்துக் குடுக்கறேன்.

12 ஜனவரி 2024, காலை 8.05

அந்த ஓட்டத்துல ரோட்ஸ் தீவுக்குப் போயி சேந்தவரு டயோனிசியஸ், திராக்ஸ்னு சொல்வாங்க, அரிஸ்டார்கஸோட மாணவர். இவரு பேர்ல இருக்கறதுதான் அந்தச் சின்ன இலக்கணப் புஸ்தகம், அச்சுல நாப்பது அம்பது பக்கம் தேறினா ஜாஸ்தி. பெயர், வினை, எச்சம் மாதிரி ஒண்ணு, சுட்டு (இங்கிலீஷ் the மாதிரி), பிரதிப்பெயர், முன்னிடைச்சொல், வினையடை, இணைப்பு, ஆக எட்டு வகைச் சொல். இங்கிலீஷ் கிளாஸ்ல எட்டு பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்னு அடி வாங்கினோமே, அந்த எட்டுங்கற எண்ணிக்கை எறங்கி வந்த வழி இதுதான். சிரியாக் மொழிக்கும் ஆர்மீனிய மொழிக்கும் கூடப் போச்சு.

ரோட்ஸ்ல மாணவருங்க வெள்ளி வசூல் பண்ணிக் குடுத்தாங்களாம், அதை வச்சு இலியட்ல வர்ற நெஸ்டரோட கிண்ணத்தை இவரு நேர்லயே செஞ்சு காட்டினாராம். நாலு கைப்புடி, ஒவ்வொரு புடிக்கும் ரெண்டு தங்கப் புறான்னு ஹோமர் எழுதின அந்தக் கிண்ணம். அது எப்படி நிக்கும், புடி எங்க வரும்னு அந்தக் காலத்துலயே ஏகப்பட்ட சண்டை. சண்டை போட்டது போதும், செஞ்சே பாத்துருவோம்னு நாடு விட்டு வந்த ஒரு வாத்தியார் உக்காந்து புறா செய்யறாரு. இது எனக்கு ரொம்பப் புடிச்ச காட்சி.

வேடிக்கை என்னன்னா அந்தப் புஸ்தகத்துலயே பெரும்பகுதி அவரு எழுதினதில்லன்னு சண்டை. 1958ல டி பெனடெட்டோங்கற இத்தாலிக்காரர், மொத அஞ்சு பத்தி தவிர மிச்சமெல்லாம் பல நூற்றாண்டு தள்ளி வந்த இடைச்செருகல்னு எழுதினாரு, இன்னும் முடியல. சொல்லப்போனா பின்னாடி வந்த இலக்கணக்காரர் அப்போலோனியஸ் டிஸ்கோலஸ் காட்டற டயோனிசியஸ் சுட்டையும் பிரதிப்பெயரையும் ஒண்ணாத்தான் வச்சிருந்தாரு, புஸ்தகத்துல ரெண்டும் தனித்தனி. கோடு போட்டவங்க புஸ்தகத்துக்கே கோடு.

12 ஜனவரி 2024, மாலை 5.30

டிஸ்கோலஸ்னா சிடுமூஞ்சி, அதையும் கேட்டாங்க. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. குணம் அப்படியா, எழுத்து அப்படியான்னு பழைய காலத்துலயே ரெண்டு கட்சி. நான் அவரோட வாக்கியவியலை மொழிபெயர்ப்புல நாலு பக்கம் படிச்சுட்டு மூடி வச்சவன், எழுத்துதான்னு ஓட்டு போடறேன். பாபிரஸ் வாங்கக் காசில்லாம ஒடஞ்ச பானை ஓட்டுல எழுதினாருன்னு அவரோட வாழ்க்கைக் குறிப்புல இருக்கு. மகன் ஹீரோடியன் ரோமுக்குப் போயி உச்சரிப்பழுத்தம் பத்தி 20 புஸ்தகத்துக்கு மேல எழுதி சக்கரவர்த்தி மார்கஸ் ஆரேலியஸுக்கு சமர்ப்பணம் பண்ணாரு. அப்பன் ஓட்டுல எழுதினான், புள்ளை ராஜாவுக்கு எழுதினான்.

14 ஜனவரி 2024, இரவு 10.30

சம்பளம் விஷயம். பல்லடாஸ், 4ஆம் நூற்றாண்டு அலெக்சாண்ட்ரியா, பள்ளிக்கூடத்துல இலக்கணம் சொல்லிக் குடுத்தவரு, கவிஞர். அவரு வாயாலயே கேளுங்க, என் வார்த்தைல சொல்றேன்: மாச ஃபீஸை கொழந்தையோட ஆயா கொண்டு வருவா. காகிதத்துல மடிச்சு, கல்லறைல படையல் வைக்கற மாதிரி நாற்காலிக்குப் பக்கத்துல போட்டுட்டுப் போவா. அதுலயும் அவ பங்கு உருவிடுவா, செம்புக் காசை எடுத்துட்டு ஈயக் காசைச் செருகிடுவா. வருஷத்துக்கு ஒரு தங்கக் காசுன்னு பேசி வச்சவன், பதினோராவது மாசம் புள்ளைய வேற வாத்தியார்கிட்ட மாத்திடுவான். ஒரு வருஷக் கூலி அம்போ.

ஆயிரத்தறுநூறு வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு எடத்துல மூணு புஸ்தகத்துக்கு பணம் வரணும், "அடுத்த மாசம் சார்"தான் ஓடுது, சரி அதை விடுங்க.

இன்னொரு பாட்டுல பல்லடாஸ், இலக்கணப் படிப்போட ஆரம்பமே அஞ்சு வரி சாபம்ங்கறாரு. இலியட்டோட மொத அஞ்சு வரி: கோபம், நாசம், நரகத்துக்குப் போன உயிருங்க, நாயிங்களுக்கு எரை, பறவைங்களுக்கு விருந்து. அஞ்சு சாபம், அப்புறம் அஞ்சு வேற்றுமை. கிரேக்கத்துல வேற்றுமைக்கு வார்த்தை ப்டோசிஸ், விழுதல்னு அர்த்தம். அஞ்சு சாபம் வாங்கி அஞ்சு தடவை விழுந்தவன் எப்படிய்யா உருப்படுவான்னு. நமக்கு எட்டு வேற்றுமை, நாம எத்தனை தடவை விழணும்?

இன்னும் ஒண்ணு, ரெண்டே வரி: இலக்கண வாத்தியார் மகளுக்குப் பொறந்துச்சு கொழந்தை, ஆண்பால் ஒண்ணு, பெண்பால் ஒண்ணு, அலிபால் ஒண்ணுன்னு. (கடைசிப் பாலுக்கு எங்க பழைய இலக்கண வாத்தியார் சொன்ன சொல்லையே போட்டுட்டேன், வேண்டாம். ரெண்டும் இல்லாத பால்னு படிச்சுக்கங்க, கிரேக்கத்துலயும் அதுதான் அர்த்தம்.)

15 ஜனவரி 2024, மதியம் 12.10

பொங்கல் சாப்பிட்டுட்டு உக்காந்தேன். வேற்றுமைன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நம்ம "ஐ" உருபுக்கு இங்கிலீஷ்ல அக்யூசேட்டிவ்ங்கறோமே, அது குத்தம் சாட்டறது. ராமனைப் பாத்தேன்ல எங்கய்யா குத்தம்? கிரேக்கத்துல ஐட்டியாட்டிகே, விளைவுன்னு வர்ற பொருளைக் காட்டற வேற்றுமைன்னுதான் அர்த்தம்ங்கறாங்க. அதே வேர்ல குத்தம் சாட்டற வினையும் இருக்கு. லத்தீன்காரங்க தப்பான கிளையைப் புடிச்சு அக்குசாட்டிவுஸ் ஆக்கிட்டாங்க. தரங்கம்பாடில இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1716ல ஜெர்மனில ஹாலேல அச்சடிச்ச தமிழ் இலக்கணம் லத்தீன்லதான் இருக்கு, தமிழ்ப் பெயரெல்லாம் அந்த லத்தீன் வேற்றுமை வரிசைலதான் நிக்குது. ரோம்ல யாரோ பண்ண மொழிபெயர்ப்புத் தப்பு கப்பலேறி தரங்கம்பாடில எறங்கியிருக்கு. என் ஒக்கல் தப்பு எங்க போயி எறங்குமோ.

17 ஜனவரி 2024, இரவு 11.15

பெரிய திருத்தம். பத்து நாளா அரிஸ்டார்கஸ் அழிக்கல அழிக்கலன்னு நான் அடிச்ச தம்பட்டத்துல ஒரு ஓட்டை.

இலியட் ஒம்பதாம் காண்டம். கிழவர் ஃபீனிக்ஸ் அகிலீஸ்கிட்ட தன் இளமையைச் சொல்றாரு. அப்பன் சாபம் குடுத்தான், அவனைக் கொன்னுடலாம்னு நெனச்சேன், தகப்பனைக் கொன்னவன்னு ஊரு பேசுமேன்னு ஏதோ ஒரு தெய்வம் தடுத்துச்சுன்னு நாலு வரி. இன்னிக்கு அச்சுல 458லருந்து 461. இந்த நாலு வரியும் இலியட் ஏட்டுப் பிரதி எதுலயும் இல்ல. 10ஆம் நூற்றாண்டு வெனிஸ் பிரதி, மார்ஜின் பூரா இந்த இலக்கணக்காரங்க குறிப்பும் குறியீடும் ரொம்பி வழியற பிரதி, 1788ல வில்லுவாசோன் அச்சுல கொண்டு வந்தது, அதுலயும் இல்ல. புளூட்டார்க் மேற்கோள் காட்டினதாலதான் நமக்குத் தெரியும். அவரு சொல்றாரு, அரிஸ்டார்கஸ் பயந்துபோயி இந்த வரிகளை எடுத்துட்டாருன்னு.

பயந்துபோயி.

புளூட்டார்க் சொன்னது சரியான்னு சண்டை இருக்கு, அரிஸ்டார்கஸ் காலத்துக்கு முன்னாடியே பல பிரதில அது இல்லாம இருந்திருக்கலாம்னு ஒரு கட்சி, நானும் அந்தக் கட்சில சேரத்தான் ஆசைப்படறேன். ஆனா ஆசைப்படறேன்ங்கறதையும் எழுதி வச்சுடறேன்.

அவரு பக்கம் பேச ஒண்ணு இருக்கு. ஒடிசி 23ஆம் காண்டம் 296ஆவது வரி, ஒடிசியஸும் பெனலோப்பியும் இருபது வருஷம் கழிச்சு பழைய கட்டிலுக்குப் போறாங்க. ஒடிசி இங்கயே முடிஞ்சுதுன்னு அரிஸ்டோஃபனீஸும் அரிஸ்டார்கஸும் சொன்னாங்க. சொல்லிட்டு மிச்சத்தைக் கத்தரிச்சாங்களா? இல்ல. அதுக்கு அப்புறம் வர்ற பகுதிலயும் அரிஸ்டார்கஸ் தனித்தனியா கோடு போட்டு சந்தேகம் எழுதியிருக்காரு. முடிஞ்சுபோன பாட்டுக்கு எவன் உக்காந்து ப்ரூஃப் பாப்பான்? ஒரு மனுஷன் ரெண்டு மாதிரியும் இருந்திருக்கலாம், ஒரு எடத்துல பயந்து, ஒரு எடத்துல பொறுமையா.

20 ஜனவரி 2024, இரவு 9.00

கேள்வி கேட்டவரு "சரி, பாதி வெட்டி வேலை"ன்னு எறங்கி வந்திருக்காரு. பாதிக்கு நானும் ஒத்துக்கறேன், புள்ளிக்காரன் எட்டு புள்ளி வச்சிருக்க வேண்டாம்.

இன்னிக்கு அலமாரில இருந்து என் ஒக்கல் புஸ்தகத்தை எடுத்தேன். என்கிட்ட இருக்கற பிரதிலயாவது இருக்கட்டுமேன்னு "பக்கத்தில்" வர்ற வரிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டேன். போட்டப்புறம்தான் தோணுச்சு, ஓபெலோஸ் தப்பு. அது எழுத்தாளர் எழுதினதான்னு சந்தேகம் இருக்கற எடத்துக்கு. இங்க சந்தேகமே இல்ல. அழிச்சுட்டு டிப்ளே போட்டேன், கணக்குல பெருசுன்னு போடறோமே அந்தக் குறி, இங்க ஒரு விஷயம் இருக்கு உரையைப் பாருன்னு அர்த்தம். அதுவும் சரியில்ல. அரிஸ்டார்கஸ்கிட்ட புள்ளி வச்ச டிப்ளேன்னு ஒண்ணு உண்டு, ஸெனோடோட்டஸ் தப்பா மாத்தின எடத்துக்குன்னே தனியா வச்சிருந்தாரு. அதைத்தான் கடைசியா போட்டேன். ஸெனோடோட்டஸ் நான்தான்.

உரை எழுதற நோட்டு இன்னும் வாங்கல.